ஓட்டு வீட்டின் மேல் கவிந்த புளியமரத்தைக் கிரேன் வைத்துக் கழற்றிய விவரம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பாவின் ஓட்டு வீட்டுக்கும் பக்கத்து மாடி வீட்டுக்கும் நடுவே நின்ற புளியமரத்தின் அடிச்சுற்று 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. உயரம் ஏறத்தாழ 17 மீட்டர். தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் வீட்டுப் பக்கமாகப் பெரிய பொந்து ஒன்று வாய் திறந்திருந்தது. அதற்கு மேலே பிரிந்த மூன்று பெருங்கிளைகளில் ஒன்று முழுவதும் ஓட்டுக் கூரையின் மேலும், இன்னொன்று மாடி வீட்டின் தண்ணீர்த் தொட்டியின் மேலும் பரவியிருந்தன. கோடை மழையோடு வந்த காற்றில் கிளை ஒன்று முறிந்து ஓடுகளை உடைத்த பிறகுதான், மரத்தை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கல் தூக்கும் வேலையை நெடுங்காலம் மேற்பார்த்தவன் என்பதால், பொறுப்பு என்னிடம் வந்தது.

கிளைகளைக் கழித்துவிட்டு மரத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்றுதான் முதலில் பார்த்தோம். மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் கேட்டோம். சத்தம் வெறுமையாக வந்த இடங்களில் மெல்லிய துளைக்கருவியை இறக்கி, எத்தனை அங்குலத்தில் கட்டை முடிந்து பொந்து தொடங்குகிறது என்று அளந்தோம். உள்ளே பொந்திருந்தாலும், அதைச் சுற்றி எஞ்சியுள்ள கட்டையின், அதாவது ஓட்டின், கனம் மரத்தின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் இருந்தால் பொதுவாக மரம் தாங்கும் என்று மரத்துறையினர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் மரத்தில் ஓட்டின் கனம் 27 சென்டிமீட்டர், ஆரம் 62 சென்டிமீட்டர். ஆகவே அந்தக் கணக்கில் மரம் தேறிவிடும். ஆனால் அந்தக் கணக்கு முழு வளையமாக மூடியிருக்கும் பொந்துக்கு உரியது. ஒரு பக்கம் வாய் திறந்துவிட்டால் வளையம் வளையமாக நிற்காது, அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். பொந்தின் வாயிலிருந்து மேல்நோக்கிப் பிளவு ஒன்றும் ஓடியிருந்ததைக் கண்ட பிறகு, கழித்துவிடும் யோசனையைக் கைவிட்டோம். மரம் பட்டா எல்லைக்குள் இருப்பதை நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டோம். அரசு நிலத்திலோ சாலையோரத்திலோ நிற்கும் மரமாக இருந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதில் கை வைக்க முடியாது என்பதால், இந்த ஒப்பீடு வெறும் சம்பிரதாயம் அல்ல.

எங்கள் பக்கத்தில் வழக்கமாக இத்தகைய மரத்தை எடுப்பவர்கள், அடிமரத்தின் மேற்கவட்டில் வடத்தைப் போட்டு, கிளைகளை அறுத்து அறுத்துக் கயிற்றில் இறக்குவார்கள். அது நல்ல முறைதான். ஆனால் இறங்கும் கிளையின் எடையையும் அது சட்டென்று நிற்கும்போது எழும் அதிர்ச்சியையும் அந்த அடிமரமே தாங்க வேண்டியிருக்கும். வாய் பிளந்த அடிமரத்தை நம்பி அந்தப் பாரத்தை ஏற்ற நான் ஒப்பவில்லை. அதே காரணத்தால் மரத்தின் மேல் ஆள் ஏறி, மரத்தோடு இடுப்பைக் கட்டிக்கொண்டு அறுப்பதையும் விலக்கினோம். வெட்டப்படும் பகுதியைக் கிரேன் பிடித்துக்கொள்ள, அறுப்பவர் தனியே ஒரு பூம் லிஃப்டின் (ஆளைக் கூடையில் நிறுத்தி உயரே தூக்கும் வண்டி) கூடையில் நின்று அறுப்பது என்று முடிவானது. ஓசூர்த் தொழிற்சாலைகளின் கட்டுமான வேலைகளால் பூம் லிஃப்ட் வாடகைக்குக் கிடைப்பது இந்த மாவட்டத்தில் பெரிய சிரமம் இல்லை.

கிரேன் என்றவுடன் எல்லாரும் சொல்வது ஹைட்ரா. கல் பட்டறைக்குள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நகர அது உகந்த வண்டி. மரவேலைக்கு, அதுவும் கூரைக்கு மேலே நீட்டிச் செய்யும் வேலைக்கு, அது ஏற்றதல்ல. அதற்குப் பக்கவாட்டில் ஊன்றும் கால்கள் கிடையாது. வண்டி நடுவில் மடங்கித் திரும்பும்போது அதன் தாங்குதிறன் குறைகிறது. பூமின், அதாவது தூக்கும் கையின், நீளமும் போதாது. நான்கு கால்களையும் விரித்து ஊன்றி நிற்கும், குழாய்க்குள் குழாயாக நீளும் பூம் கொண்ட 40 டன் லாரி கிரேனைத்தான் எடுத்தோம். வண்டியோடு சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு முழுமையாகச் சோதிக்கச் சொன்னது. வீட்டுக் கொல்லையில் நடக்கும் வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், கிரேனின் கம்பிவடத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கல் தூக்கிப் பழகிய ஆபரேட்டர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால் கல்லைத் தூக்குவதற்கும் மரத்தைக் கழற்றுவதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்த வேலை முழுவதையும் அந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தே திட்டமிட்டேன். கல் தரையில் கிடக்கிறது. நீள அகல உயரத்தை அளந்து, கன மீட்டருக்கு 2.7 டன் என்று பெருக்கினால் எடை தெரிந்துவிடும். மெல்லத் தூக்கும்போது பாரம் படிப்படியாக வடத்தில் ஏறும். கூடுதலாகத் தெரிந்தால் அப்படியே கீழே வைத்துவிடலாம். மரத்துண்டோ அந்தரத்தில் நிற்கிறது. கடைசி இழை அறுபடும் நொடியில் முழுப் பாரமும் கிரேனில் ஏறுகிறது. அதன் பிறகு அதைத் திரும்ப வைக்க இடமில்லை. கணிப்பு தவறினால் கிரேனே வீட்டின் மேல் சாயும். எனவே ரம்பத்தை எடுப்பதற்கு முன்பே எடை தெரிந்திருக்க வேண்டும், அதுவும் துண்டுக்குத் துண்டு.

முதலில் கிரேன் நிற்கும் இடம். மேற்கே இருந்த காலி மனையில் கால்களை முழுவதும் விரிக்க இடமிருந்தது. பாதி விரித்த கால்களுக்கு, எந்தத் தூரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று சொல்லும் முழுத் திறன் அட்டவணை பொருந்தாது என்பதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது. பழைய மனைகளில் மூடிய கிணறு, கழிவுநீர்த் தொட்டி, உறைக்குழி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்பதே நம்பகமான வழி. ஒரு கால் விழவேண்டிய இடத்துக்கு அருகில் பழைய கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருந்தது தெரிந்ததும் வண்டியின் இடத்தைத் தள்ளி மாற்றிக் குறித்தோம். பூம் ஒரு காலின் மேலாக நீளும்போது மொத்த எடையில் முக்கால் பங்கு வரை அந்த ஒற்றைக் காலில் இறங்கலாம். வண்டியும் பாரமும் சேர்ந்து 42 டன் என்றால், ஒரு காலில் சுமார் 31 டன். அரை மீட்டர் சதுரமுள்ள காலடித் தட்டில் அது சதுர மீட்டருக்கு 124 டன் அழுத்தம். அதையே ஒன்றரை மீட்டர் சதுர மேடையில் பரப்பினால் ஒன்பதில் ஒரு பங்காக, 14 டன்னுக்கும் கீழே வந்துவிடுகிறது. தடித்த ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்காகப் போட்டோம். பட்டறையில் மிஞ்சிய கிரானைட் பலகைகளைப் போடலாமே என்று ஒருவர் சொன்னார். இந்த ஊரில் எளிதாகக் கிடைக்கும் பொருள்தான். ஆனால் கிரானைட் நசுக்கும் விசையைத் தாங்குமே தவிர வளைக்கும் விசையைத் தாங்காது. அடியில் ஒரு பள்ளம் இருந்தால் போதும், எச்சரிக்கை ஏதும் தராமல் இரண்டாக உடையும். மரக்கட்டை உடைவதற்கு முன் வளைந்தும் முனகியும் காட்டும்.

கிரேனின் 40 டன் என்ற பெயரும் பலரை ஏமாற்றும். சுழலும் மையத்துக்கு மிக அருகில், பூமைச் சுருக்கி வைத்துத் தூக்கும்போது மட்டுமே அந்த எண். எங்களுக்கு வந்த வண்டியின் அட்டவணையில், அடிமரம் நின்ற 14 மீட்டர் தூரத்தில் 6.5 டன்; தூரத்துக் கிளைகள் இருந்த 20 மீட்டரில் 3 டன். இந்த எண்ணிலும் கொக்கியின் எடை, பெல்ட்டுகள், ஷேக்கிள்கள் (இணைப்பு வளையங்கள்), நடுவில் தொங்கும் தராசு எல்லாம் அடக்கம். எங்கள் வண்டிக்கு அவை சேர்ந்து 450 கிலோ. கணித்து அறிந்த எடையைத்தான் தூக்கப்போகிறோம், அளந்து அறிந்த எடையை அல்ல என்பதால், அட்டவணையின் பாதியைத் தாண்டுவதில்லை என்று வரம்பு வைத்தேன். அப்படியானால் 20 மீட்டரில் 1.5 டன், அதில் 450 கிலோ போக, மரத்துக்கு மிஞ்சுவது 1 டன்னை ஒட்டி. 14 மீட்டரில் 2.8 டன். இந்த இரண்டு எண்களையும் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதி வைத்தோம்.

அடுத்த கேள்வி, ஒரு டன் மரம் என்பது எத்தனை மீட்டர் கிளை. பச்சை மரத்துக்குக் கன மீட்டருக்கு 1 டன் என்று பொதுவாக எடுப்பார்கள். புளி அதற்கு மேல் கனக்கும். புத்தக எண்ணை நம்பி வேலையைத் தொடங்குவதைவிட, கூரைக்கு எட்டாத பக்கத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளையில் 2 மீட்டர் நீளத் துண்டை முதலில் அறுத்து நிறுத்துப் பார்த்தோம். கிரேனுக்குள் இருக்கும் சுமைகாட்டி பெரிய பாரங்களுக்கு உரியது. சில நூறு கிலோவில் அதன் எண்ணைப் பொருட்படுத்தக் கூடாது. பழைய இரும்புக் கடைகளில் பயன்படும் தொங்கும் மின்னணுத் தராசு ஒன்றைக் கொக்கிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தோம். அதன் எண் கீழே இருப்பவரின் கையடக்கக் கருவியிலும் தெரியும். துண்டு 162 கிலோ நிறுத்தது. அதன் கனஅளவு 0.141 கன மீட்டர். ஆகவே இந்த மரம் கன மீட்டருக்கு 1.15 டன். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இந்த எண்ணையே பயன்படுத்தினோம். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளையில் 4 மீட்டர் அறுத்தால் கட்டை மட்டும் 730 கிலோ. பக்கக் கொம்பு, இலை, காய் ஆகியவற்றுக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 970 கிலோ. ஒரு டன் வரம்புக்குள் அடங்குகிறது. அரை மீட்டர் சேர்த்து அறுத்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

காய் என்று சொன்னது சும்மா அல்ல. தை பிறந்தால் எங்கள் மாவட்டத்தில் புளி உலுக்கும் பருவம். காய்த்துக் குலுங்கும் மரத்தில் பழத்தின் எடை கிளை நுனிகளில்தான் இருக்கும்; அது மொத்த எடையைக் கூட்டுவதோடு எடை மையத்தையும் வெளிப்பக்கம் தள்ளிவிடும். அதனால் உலுக்குபவர்களை அழைத்துப் பழத்தை முதலில் இறக்கிவிட்டோம். சித்தி அந்தப் பழத்தைக் கொட்டை எடுத்து அடைத்து வைத்த பிறகே மரத்தை வெட்டச் சம்மதித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பருவம் இன்னொரு வகையிலும் உதவியது: தை, மாசியில் காலைப்பொழுதில் காற்று அடங்கியிருக்கும். ஆடியில் இந்த வேலையை யாரும் தொடவே கூடாது. இலையோடு தொங்கும் கிளை காற்றுக்குப் பாய்மரம்தான். எடை அட்டவணைக்குள் இருந்தாலும், பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்க பூம் வடிவமைக்கப்படவில்லை.

கட்டுவதற்குக் கம்பிவடத்தை விட்டு, பாலியஸ்டர் பெல்ட்டுகளைப் பயன்படுத்தினோம். கம்பிவடம் புளியம்பட்டையில் வழுக்கும், இறுகும்போது பட்டையை உரித்துக்கொண்டு நகரும். பெல்ட்டுகளுக்கு நிறக்குறியீடு உண்டு: பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன். சுருக்குப் போட்டுக் கட்டும்போது திறன் ஐந்தில் நான்கு பங்காகக் குறையும் என்பதால் மஞ்சள் பெல்ட் 2.4 டன்னுக்கே கணக்கு. படுக்கையான கிளைக்கு இரண்டு பெல்ட்டுகள், அடிப்பக்கம் ஒன்றும் நுனிப்பக்கம் ஒன்றுமாக. இரண்டுக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் எடையில் ஏறத்தாழ ஆறில் மூன்றரைப் பங்கு தாங்கும். 120 பாகையாக விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும். நிமிர்ந்த கிளைக்கு எடை மையத்துக்கு மேலே, அதாவது பாதிக்கு மேல் தள்ளிக் கட்ட வேண்டும். கீழே கட்டினால் அறுபட்டவுடன் தலைகீழாகப் புரளும். எல்லாத் துண்டுகளுக்கும் அடிமுனையில் நீளமான கயிறு ஒன்று கட்டி, கீழே ஒருவர் தள்ளி நின்று திசை பிடித்தார். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று காலையில் சொன்னதை மதியமும் சொல்ல வேண்டியிருந்தது.

மின்கம்பி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டு வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கிளைகளுக்கு அடியிலேயே ஓடியது. தெருவோரமாக 11 கிலோவோல்ட் கம்பியும் இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் மின்தடை அறிவிப்பை மட்டும் நம்பி பூமை நீட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்து, லைன்மேன் நேரில் வந்து லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான முறையான அனுமதி) எடுத்து, கம்பியைப் பிரித்து, எர்த் செய்த (தரையோடு இணைத்த) பிறகுதான் அது செத்த கம்பி. தெருவில் யாரேனும் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் மின்சாரம் திரும்பிப் பாயலாம். எர்த் செய்வது அதற்காகவே. அப்படிச் செய்த பிறகும் பூம் 11 கிலோவோல்ட் கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது என்று எல்லை வைத்து, அதைக் கவனிக்க மட்டும் ஒருவரை நிறுத்தினோம். சர்வீஸ் ஒயரை லைன்மேனே கழற்றிச் சுருட்டி வைத்தார்.

வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு வீடுகளையும் முழுவதும் காலி செய்தோம். ஆடு, கோழி உட்பட. பொந்தில் ஆந்தையோ பாம்போ இல்லை என்றும், கிளைகளில் மலைத்தேனீக் கூடு இல்லை என்றும் முந்தைய நாளே பார்த்திருந்தோம். சைகை காட்டுபவர் ஒருவரே. ஆபரேட்டர் அவரை மட்டுமே பார்ப்பார். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். ஆபரேட்டர் அண்ணனுக்கு மரத்தின் மறுபக்கம் தெரியாது என்பதால் வாக்கி டாக்கியும் வைத்திருந்தோம்.

ஒவ்வொரு துண்டுக்கும் நடைமுறை ஒன்றுதான். கூடையில் இருப்பவர் பெல்ட்டுகளைக் கட்டிவிட்டுப் பின்வாங்குவார். ஆபரேட்டர் கொக்கியைத் துண்டின் எடை மையத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, தராசில் கணித்த எடையை ஒட்டி எண் வரும்வரை மெல்ல இழுத்து நிறுத்துவார். இந்த முன்னிழுப்புதான் வேலையின் உயிர்நாடி. குறைவாக இழுத்தால், அறுபட்டவுடன் துண்டு ஒரு சாண் விழுந்து நின்றாலும் அந்த அதிர்ச்சி எடையின் பல மடங்காக பூமில் இறங்கும். அதிகமாக இழுத்தால் துண்டு மேலே எகிறிக் கூடையைத் தாக்கும், அல்லது அறுபடும்போதே கட்டை நீளவாக்கில் பிளந்துகொள்ளும். இன்னொன்று, பாரம் ஏறும்போது நீண்ட பூம் சற்றே வளைந்து, கொக்கி வெளிப்பக்கம் நகர்கிறது. அதனால் வெறும் கொக்கியைக் கொஞ்சம் உட்பக்கமாகவே நிறுத்தி, இழுப்பு ஏறிய பின் அது நேராக வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்தோம்.

அறுப்பவர், துண்டு எந்தப் பக்கம் ஆடலாம் என்று தோன்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார். கட்டை எங்கே அமுங்கியிருக்கிறதோ அங்கே முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு இழுபட்டிருக்கும் பக்கத்திலிருந்து அறுத்து முடிப்பது முறை. அப்படிச் செய்தால் ரம்பத்தின் தகடு சிக்காது. ஓரம் அறுபடாமல் நிற்கும் துண்டைக் கிரேனால் இழுத்துப் பிய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை நான் அனுமதிக்கவில்லை. பிய்ந்து வரும்போது வடத்தில் என்ன விசை ஏறும் என்பதை எந்தத் தராசும் முன்கூட்டிச் சொல்லாது. அறுத்து முடித்தவர் இயந்திரத்தை அணைத்து, கூடையை விலக்கிக் கைகாட்டிய பிறகே துண்டு நகர்ந்தது. இறக்கும் இடம் கிரேனுக்கு அருகிலேயே இருந்ததால், பாரம் உள்ளே வர வர கிரேனிலிருந்து அதன் தூரம் குறைந்து பாதுகாப்புக் கூடிக்கொண்டே போனது. கீழே ஒரு துண்டைக் கழித்து ஒதுக்கி முடிக்கும்வரை அடுத்த துண்டைக் கட்டவில்லை. ஓட்டுக் கூரையின் மேலிருந்த கிளையை முதலிலும், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தை அடுத்தும், மேற்குக் கிளையைக் கடைசியிலும் எடுத்தோம். வீடுகளை அச்சுறுத்தும் பாரம் முதலில் தொலைய வேண்டும், அது மட்டுமல்ல, ஆட்கள் களைக்காமல் இருக்கும் காலை நேரத்தில் கடினமான பகுதி முடிய வேண்டும்.

அடிமரத்தில் 1.25 மீட்டர் விட்டத்துக்கு 1.75 மீட்டர் நீளம் என்றால் 2.5 டன். உள்ளே பொந்து இருப்பதால் உண்மை எடை குறைவுதான். ஆனாலும் முழுக்கட்டை என்றே கணக்கிட்டோம். பொந்துள்ள கட்டையில் சுருக்கு இறுகும்போது ஓடு நொறுங்கவோ பிளவு விரியவோ கூடும் என்பதால், பிளவின் மேலும் கீழும் லாரி லோடு கட்டும் ராச்செட் பெல்ட்டுகளால் இறுக்கிய பிறகே சிவப்பு பெல்ட்டுகளை இரண்டாகப் போட்டோம். இங்கேதான் ரம்பச் சங்கிலிகள் வீணாயின. பேய் ஓட்டி முடியை வைத்து ஆணி அடிக்கும் பழக்கம் புளியமரத்துக்கு என்றே உள்ளது. அந்த ஆணிகளைப் பட்டை மூடி வளர்ந்துவிடும். கூடவே மாடு கட்டிய வளையமும், துணிக்கொடிக் கம்பியும் இருந்தன. ஆணியில் மோதும் சங்கிலி அறுந்து தெறிக்கலாம், தகடு உதைத்துத் திரும்பலாம். உலோகங்கண்டறியும் சிறு கருவியால் வெட்டும் கோட்டை ஓட்டிப் பார்த்து, சத்தம் வந்த இடங்களில் கோட்டை மேலோ கீழோ நகர்த்திக்கொண்டோம். ஆள் உயரத்துக்குக் கீழே ஆணி இல்லாத கோடு கிடைப்பதே அரிதாக இருந்தது. பேய்களுக்கு எங்கள் தெருவில் பஞ்சம் இருந்ததில்லை போலும்.

அடிக்கட்டையை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். பெரிய வேர்களில் ஒன்று ஓட்டு வீட்டின் கல் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடுவது தெரிந்ததால், பொக்லைன் வைத்து இழுத்தால் வேரோடு அஸ்திவாரக் கல்லும் அசையும் என்று மறுத்துவிட்டேன். தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே மண் போட்டு மூடினோம். துளிர் விட்டால் விட விடக் கிள்ளி எறிய வேண்டியதுதான். அடிமரத்தில் பொந்து எட்டாத பகுதிகளை இறைச்சிக் கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்காக எடுத்துச் சென்றார்கள். புளிக்கு அந்தத் தொழிலில் எப்போதும் மதிப்பு உண்டு. கிளைகள் விறகாயின. சர்வீஸ் ஒயரை லைன்மேன் மாலையில் மீண்டும் இணைத்தார். ஓட்டுக் கூரையில் அன்று உடைந்தவை, கயிறு உரசிய முகட்டு ஓடுகள் சில.